பேசியும் போர் வந்தது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் மூளுமோ என்று உலகம் பதறும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேச்சு அடிபடும். உட்கார்ந்து பேசினால் தீராத பகை உண்டா என்பார்கள் ஒரு சாரார். பேசிப் பேசித்தான் ஹிட்லரை வளர்த்துவிட்டார்கள் என்பார்கள் மறுசாரார். கீழே உள்ள கேள்விகள் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எழுபவை. 1938-ல் கையெழுத்தான மியூனிக் ஒப்பந்தம்தான் இவற்றில் அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே யார் என்ன கேட்டார்கள், யார் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவ்வளவு பதிவுகள் இருக்கின்றன.

திருப்திப்படுத்தும் கொள்கை என்கிறார்களே, அது என்ன?

ஒரு நாடு மிரட்டிக் கேட்கிறது. கேட்பதில் கொஞ்சம் நியாயமும் இருப்பதுபோலத் தெரிகிறது. கொடுத்துவிட்டால் அதன் குறை தீர்ந்துவிடும், அப்புறம் சண்டைக்குக் காரணமே இருக்காது என்று நம்பிக் கொடுப்பதுதான் இது. 1930-களில் ஜெர்மனி, இத்தாலி விஷயத்தில் பிரிட்டனும் பிரான்சும் நடந்துகொண்ட விதத்துக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அன்றைக்கு யாரும் இதை வெட்கத்தோடு செய்யவில்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் மட்டுமே 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்திருந்தது. அந்தப் போர் முடிந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. இன்னொன்று வரக்கூடாது என்று நினைத்தவர்களைக் கோழைகள் என்று இன்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் செய்த பிழை வேறு. அதற்கு வருவோம்.

மியூனிக்கில் சரியாக என்னதான் நடந்தது?

செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையோரப் பகுதிகளில் ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மன் மொழிக்காரர்கள் வாழ்ந்தார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் சுடட்டன்லாந்து. செக் அரசு அவர்களை ஒடுக்குகிறது, அவர்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று கொன்ராட் ஹென்லைன் என்பவரின் கட்சி கிளம்பியது. மக்களின் குறைகளில் சில உண்மையானவை. ஆனால் 1938 மார்ச்சில் ஹிட்லர் ஹென்லைனை பெர்லினுக்கு அழைத்துச் சொன்ன யோசனை, செக் அரசால் ஏற்கவே முடியாத கோரிக்கைகளை வைத்துக்கொண்டே இரு என்பது. அதாவது தீர்வு கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் திட்டம். லண்டனில் இருந்தவர்கள் இது தெரியாமல், எந்தத் தீர்வு பொருந்தும் என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 15-ல் பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின், 69 வயதில், விமானம் ஏறி பெர்க்டெஸ்காடனில் ஹிட்லரைப் போய்ப் பார்த்தார். ஜெர்மானியர் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளைக் கொடுத்துவிட ஒப்புக்கொண்டார். திரும்பிவந்து தன் அமைச்சரவை, பிரான்ஸ், கடைசியில் செக் அரசு என்று ஒவ்வொருவரையும் வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார். 22-ஆம் தேதி பாட் கோடெஸ்பெர்க் போய், நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்று சொன்னார். அது இனி போதாது என்றார் ஹிட்லர். அக்டோபர் 1-க்குள் ராணுவம் உள்ளே நுழைய வேண்டும் என்பது புதிய கோரிக்கை.

அந்த இடத்தில்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது என்பேன். கேட்டதைக் கொடுத்த பிறகும் கேட்டவருக்குக் கோபம் வருகிறது என்றால், அவருக்கு வேண்டியது அது இல்லை. செக் ராணுவம் முழு அளவில் திரட்டப்பட்டது, லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள், மக்களுக்கு விஷவாயு முகமூடி கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் முசோலினி நடுவராக வர, 29-ஆம் தேதி மியூனிக்கில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் என நான்கு நாடுகள் கூடின. அக்டோபர் 1 முதல் 10-க்குள் பகுதி பகுதியாகச் சுடட்டன்லாந்தை ஒப்படைப்பது என்று முடிவானது. கோடெஸ்பெர்க் கோரிக்கைக்கும் இதற்கும் வித்தியாசம் சில நாட்கள்தான்.

செக்கோஸ்லோவாக்கியாவைக் கேட்காமலா அதன் நிலத்தைக் கொடுத்தார்கள்?

ஆம். இரண்டு செக் அதிகாரிகள் மியூனிக்குக்கு வரவழைக்கப்பட்டார்கள். ஆனால் கூட்ட அறைக்குள் விடவில்லை, விடுதியில் காத்திருந்தார்கள். கையெழுத்து எல்லாம் ஆன பிறகு, 30-ஆம் தேதி விடியலுக்கு முன் அவர்களைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் கையில் கொடுத்தார்கள். பதில் எதுவும் எதிர்பார்க்கவில்லை, ஏற்கப்பட்டதாகவே கருதுகிறோம் என்று சொன்னார்கள். அந்த இருவரில் ஒருவரான ஹூபர்ட் மசாரிக் எழுதிய அறிக்கையில் ஒரு காட்சி வருகிறது: தங்களிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது சேம்பர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார், அதை மறைக்கவும் முயலவில்லை.

அவருக்குக் களைப்பு, நள்ளிரவு தாண்டிய நேரம். அது புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சமாதானத்துக்கான விலையை மேசையில் இருந்த நால்வரில் ஒருவரும் தரவில்லை. அறைக்கு வெளியே நின்றவன் தந்தான். விட்டுக்கொடுப்பவர் தன் சொந்தப் பொருளை விட்டுக்கொடுத்தால் எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரியும். அடுத்தவன் நிலத்தைக் கொடுக்கும்போது அந்தக் கணக்கு மரத்துப்போகிறது. இரண்டு நாள் முன்னால் வானொலியில் சேம்பர்லின் பேசியபோது, நமக்கு ஒன்றுமே தெரியாத மக்கள், எங்கோ தொலைதூர நாட்டில் போட்டுக்கொள்ளும் சண்டை என்றுதான் இதைக் குறிப்பிட்டார்.

சேம்பர்லின் அவ்வளவு ஏமாளியா?

இல்லை. நல்ல நிர்வாகி, கடும் உழைப்பாளி, அவர் காலத்தில்தான் பிரிட்டன் ஆயுத உற்பத்தியை வேகப்படுத்தியது. ராணுவத் தலைமை அவரிடம் சொன்னதும் தெம்பு தரும் செய்தி இல்லை: செக்கோஸ்லோவாக்கியாவை ஜெர்மனி ஆக்கிரமிப்பதை நம்மால் தடுக்க முடியாது என்று 1938 மார்ச்சிலேயே கூறியிருந்தார்கள். குண்டுவீச்சு விமானங்கள் சில வாரத்தில் லண்டனைத் தரைமட்டமாக்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற, பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றிருந்த டொமினியன் நாடுகள் இதற்காகப் போருக்கு வரத் தயங்கின. முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு அநியாயம் செய்துவிட்டது என்ற குற்ற உணர்வு வேறு படித்தவர்களிடையே பரவியிருந்தது.

அவர் சறுக்கியது மனிதரை எடைபோட்ட இடத்தில். முதல் சந்திப்புக்குப் பிறகு தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், இவர் முகத்தில் கடுமை இருந்தாலும் வாக்குக் கொடுத்தால் நம்பலாம் என்று தோன்றுகிறது என எழுதினார். தானே ஒரு நியாயஸ்தர் என்பதால், எதிரே இருப்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கும், அந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தார். ஹிட்லர் வைத்திருந்த கணக்கு கிழக்கு ஐரோப்பா முழுவதும்.

மக்களையும் இங்கே மறந்துவிடக் கூடாது. செப்டம்பர் 30-ல் ஹெஸ்டன் விமான நிலையத்தில் அவர் ஹிட்லரோடு சேர்ந்து கையெழுத்திட்ட சமாதான அறிக்கைக் காகிதத்தை ஆட்டிக் காட்டியபோது கூட்டம் ஆரவாரித்தது. பிரெஞ்சுப் பிரதமர் டலாடியே, பாரீசில் தரையிறங்கும்போது தன்னை அடிக்கத்தான் கூட்டம் காத்திருக்கிறது என்று நினைத்தார். அவர்களும் கைதட்டி வரவேற்றார்கள். டலாடியேவுக்கு அதில் சந்தோஷம் இல்லை. தான் எதில் கையெழுத்திட்டோம் என்பது அவருக்குச் சேம்பர்லினைவிட நன்றாகவே புரிந்திருந்தது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பதுதானே இதன் பாடம்?

எல்லோரும் அப்படிப் பிடுங்குவதில்லை. அதுதான் சிக்கல். சிலருக்கு இடம் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், பிரச்சினை முடிந்துவிடும். உதாரணம் பின்னால் வருகிறது. ஹிட்லர் அப்படிப்பட்டவர் இல்லை. ஐரோப்பாவில் நான் கேட்கும் கடைசி நிலம் இதுதான் என்று 1938 செப்டம்பர் 26-ல் பெர்லினில் மேடைபோட்டுச் சொன்னார். 1939 மார்ச் 15-ல் அவருடைய படை பிராக் நகருக்குள் இருந்தது. அதற்கு முந்தைய இரவு செக் அதிபர் எமில் ஹாகாவை பெர்லினுக்கு வரவழைத்து, நாட்டை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் பிராக் மீது குண்டு விழும் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் மிரட்டினார். வயதான அந்த மனிதர் மயங்கிச் சரிந்தார். ஊசி போட்டு எழுப்பி, விடிவதற்குள் கையெழுத்து வாங்கினார்கள்.

மீதமிருந்த எல்லைக்கு உத்தரவாதம் தருவதாக மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் சொல்லியிருந்தன. அது என்ன ஆனது? ஸ்லோவாக்கியா முந்தைய நாளே பிரிந்துவிட்டது, நாங்கள் உத்தரவாதம் தந்த நாடே இப்போது இல்லை, ஆகவே உத்தரவாதமும் இல்லை என்று சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

மியூனிக்கால் ஓராண்டு அவகாசம் கிடைத்தது, அது நல்லதுதானே?

இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. 1938 செப்டம்பரில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வந்திருந்தன. 1940-ல் பிரிட்டனைக் காப்பாற்றிய ரேடார் நிலையங்களின் சங்கிலியும் முழுமையடையவில்லை. அந்த வகையில் அவகாசம் உதவியது.

ஆனால் அவகாசம் இரண்டு பக்கமும் ஓடும். செக் எல்லையில் மலையை ஒட்டிக் கட்டியிருந்த கோட்டை வரிசை சண்டை இல்லாமலே ஜெர்மனி கைக்குப் போனது. பத்து லட்சம் பேரைத் திரட்டக்கூடிய ஒரு நல்ல ராணுவம் ஆட்டத்திலிருந்து காணாமல் போனது. 1939 மார்ச்சில் பில்சனில் இருந்த ஸ்கோடா ஆயுத ஆலையும் போனது. 1940 மே மாதம் பிரான்சுக்குள் பாய்ந்த ஜெர்மன் தளபதி ரோமெலின் 7-ஆவது கவசப் படைப்பிரிவில் செக் தயாரிப்பு டாங்கிகள் ஏராளம். இதோடு, ஹிட்லர் போருக்கு இறங்கினால் அவரைக் கவிழ்ப்பது என்று 1938-ல் சில ஜெர்மன் தளபதிகளே ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மியூனிக் வெற்றி அவர்கள் காலடியிலிருந்த தரையை உருவிவிட்டது. அவர்கள் உண்மையில் செய்திருப்பார்களா என்பது விவாதம்தான். ஆனால் துப்பாக்கி வெடிக்காமலே ஜெயித்துவந்தவரைக் கவிழ்க்க யாருக்குத் துணிவு வரும்?

கூட்டிக் கழித்தால் அவகாசத்தால் அதிகம் லாபம் பார்த்தது ஜெர்மனி என்பதே என் கணிப்பு. இதற்கு நேர்மாறாகச் சொல்லும் வரலாற்று ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னாலேயே தடுத்திருக்க முடியாதா?

இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்லலாம். 1936 மார்ச் 7-ல் ஜெர்மன் படை, ராணுவம் வைக்கக்கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்த ரைன்லாந்துக்குள் நுழைந்தது. ரைன் ஆற்றைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனவை வெறும் மூன்று பட்டாலியன்கள். பிரான்ஸ் எதிர்த்தால் பின்வாங்கும் யோசனையும் இருந்தது. பிரான்ஸ் அசையவில்லை. அவர்கள் தங்கள் சொந்தக் கொல்லைப்புறத்துக்குள்தானே போகிறார்கள் என்றது லண்டன்.

மற்றது அபிசீனியா. இன்றைய எத்தியோப்பியா. 1935 அக்டோபரில் முசோலினி அதன்மேல் படையெடுத்தார். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் எண்ணெயைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை, சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. காரணம், ஹிட்லருக்கு எதிராக இத்தாலி தங்கள் பக்கம் வேண்டும் என்ற ஆசை. டிசம்பரில் பிரிட்டிஷ், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர்கள் ஹோரும் லாவாலும் அபிசீனியாவின் பெரும்பகுதியை இத்தாலிக்குக் கொடுக்க ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். அது பத்திரிகையில் கசிந்து, ஹோர் பதவி விலக வேண்டியதாயிற்று. கடைசியில் அபிசீனியாவும் போனது, இத்தாலியும் 1936-லேயே ஜெர்மனியோடு கைகோத்துக்கொண்டது, சர்வதேச சங்கத்தின் மேலிருந்த மரியாதையும் போனது. 1936 ஜூன் 30-ல் பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவாவில் எழுந்து நின்று நியாயம் கேட்டார். அவருக்குக் கிடைத்தது இத்தாலியப் பத்திரிகையாளர்களின் கூச்சலும், மற்றவர்களின் மௌனமும்.

பாதி உறுதி, பாதி விட்டுக்கொடுப்பு. இரண்டில் ஏதாவது ஒன்றை முழுதாகச் செய்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

1939-ல் பிரிட்டன் உறுதியாகத்தானே நின்றது? அப்போதும் போர் வந்ததே?

பிராக் விழுந்த பிறகு, மார்ச் 31-ல், போலந்தைத் தாக்கினால் துணை நிற்போம் என்று பிரிட்டன் அறிவித்தது. ஹிட்லர் அதை நம்பவில்லை. ஆகஸ்ட் 22-ல் தளபதிகளிடம் பேசியபோது, நம் எதிரிகள் சின்னப் புழுக்கள், அவர்களை நான் மியூனிக்கில் பார்த்திருக்கிறேன் என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. பல ஆண்டு பழக்கத்தால் வந்த எண்ணம் ஓர் அறிவிப்பால் மாறிவிடுமா?

அது மட்டுமில்லை. போலந்தைக் காக்க வேண்டுமானால் சோவியத் யூனியனின் உதவி வேண்டும். அதற்காக மாஸ்கோ போன பிரிட்டிஷ், பிரெஞ்சு ராணுவக் குழு விமானத்தில் போகவில்லை. மெதுவாகப் போகும் ஒரு கப்பலில், ஆகஸ்ட் 5-ல் கிளம்பி, 11-ல் மாஸ்கோ சேர்ந்தது. குழுத் தலைவர் அட்மிரல் டிராக்சிடம் ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தைக் காட்டும் எழுத்துப்பூர்வ ஆவணம் கேட்டார் சோவியத் மார்ஷல் வோரோஷிலோவ். இல்லை. எங்கள் படை போலந்து வழியாகப் போக அனுமதி கிடைக்குமா என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் தெளிவான பதில் இல்லை. போலந்து அரசு மறுத்துக்கொண்டிருந்தது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் ஆகஸ்ட் 23-ல் விமானத்தில் வந்து இறங்கினார். அன்றிரவே ஜெர்மன்-சோவியத் ஒப்பந்தத்தில் கையெழுத்து முடிந்தது. போலந்தை இரண்டாகப் பிரிக்கும் ரகசிய ஷரத்தும் அதில் அடக்கம். ஒன்பது நாளில் போர்.

ஸ்டாலின் நல்லெண்ணத்தோடு இருந்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தரப்பு கப்பலில் போய், இன்னொரு தரப்பு விமானத்தில் போனால், யாருக்கு அவசரம் என்று எதிரே இருப்பவர் பார்த்துக்கொள்கிறார்.

1914-ல் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லையே, அங்கே என்ன தவறியது?

அங்கே தவறியது நேரம். ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டார். ஜூலை முதல் வாரத்திலேயே, நீ என்ன செய்தாலும் உன் பின்னால் நிற்கிறேன் என்று ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது. ஜூலை 23 மாலை, கொலைக்குச் செர்பியாவைக் குற்றம்சாட்டிய ஆஸ்திரியா அதற்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. 25-ஆம் தேதி, கெடு முடிய சில நிமிடம் இருக்கும்போது செர்பியப் பிரதமர் பாஷிச் தானே பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றிருந்தார்கள். ஆஸ்திரியத் தூதர் கீசல் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, உறவு முறிந்தது என்று அறிவித்து, 6.30 மணி ரயிலைப் பிடித்தார். பெட்டியெல்லாம் முன்னதாகவே கட்டிவைத்தாகிவிட்டது.

ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் அந்தப் பதிலை 28-ஆம் தேதி காலையில்தான் படித்தார். போருக்கு இனி காரணமே இல்லை என்று ஓரத்தில் எழுதினார். அன்றே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே, நான்கு நாடுகள் உட்கார்ந்து பேசலாம் என்றார், அதுவும் நடக்கவில்லை. அப்புறம் செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா படை திரட்ட, ஜெர்மனி அதைப் பொறுக்க முடியாமல் தவித்தது. ஏனென்றால் ஜெர்மனியின் ஒரே திட்டம், ரஷ்யா தயாராகும் முன் பெல்ஜியம் வழியாகப் போய் பிரான்சை முடிப்பது. ரஷ்யப் பேரரசர் ஜாருக்கும் ஜெர்மன் பேரரசர் கைசருக்கும் இடையே நட்பான தந்திகள் போய்க்கொண்டிருந்தபோதே ரயில்களில் சிப்பாய்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மியூனிக்கை மட்டும் படித்தவர்கள் உறுதியாக நில் என்பார்கள். 1914-ல் எல்லோரும் உறுதியாகத்தான் நின்றார்கள்.

படை வேண்டாம், பொருளாதாரத் தடை போதும் என்கிறார்களே?

சில சமயம் போதும். 1941-ல் அது எதிர்ப்பக்கம் வேலை செய்தது. தெற்கு இந்தோசீனாவுக்குள் ஜப்பான் நுழைந்ததும், ஜூலை கடைசியில் அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கி, எண்ணெயை நிறுத்தியது. ஜப்பானின் எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு தீர்வதற்குள் சீனாவிலிருந்து வெளியேற வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் உள்ள இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற இக்கட்டு. சீனாவை விட டோக்கியோவின் ராணுவத்துக்கு மனமில்லை. தடை அவர்களை நிறுத்தவில்லை. நாள் குறிக்க வைத்தது.

அதைவிட வேதனை வாஷிங்டனில் இருந்த ஜப்பானியத் தூதர்கள் நொமுராவும் குருசுவும். அமெரிக்கா தன் நிபந்தனைகளை நவம்பர் 26-ல் அவர்களிடம் கொடுத்தது. ஜப்பானியக் கப்பற்படை அதற்கு முன்பே பேர்ல் ஹார்பரை நோக்கிக் கிளம்பியிருந்தது. பேச்சு தேறினால் திரும்பிவரச் சொல்லலாம் என்பது ஏற்பாடு. தூதர்களிடம் அந்தத் தாக்குதல் திட்டத்தை யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 7 மதியம் 1 மணிக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் கடிதம், தூதரகத்தில் தட்டச்சு முடியாமல் இழுத்தது. அவர்கள் வெளியுறவு அமைச்சர் ஹல்லைப் பார்த்தபோது மணி 2.20. குண்டு விழ ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.

கண்ணன் தூது போயும் பாரதப் போர் வந்ததே. முடிவெடுத்துவிட்டவனிடம் தூது போய் என்ன பயன்?

தடுக்கிற பயன் இல்லாமல் போகலாம். ஐந்து ஊராவது கொடு என்று இறங்கிவந்து கேட்டும், ஊசி முனை நிலம்கூட இல்லை என்று துரியோதனன் சொன்னபிறகு, யார் மறுத்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தூதுக்கு அந்தப் பயன் உண்டு. 1991 ஜனவரி 9-ல் ஜெனீவாவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பேக்கர், குவைத்திலிருந்து வெளியேறக் கோரும் கடிதத்தை ஈராக்கின் தாரிக் அஜீசிடம் கொடுத்தார். அஜீஸ் படித்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். பல மணி நேரச் சந்திப்பைவிட அந்த மேசைமேல் கிடந்த கடிதத்தைத்தான் உலகம் கவனித்தது.

ஆனால் உலகத்துக்குக் காட்டுவதற்காக மட்டுமே தூது போகிறவர்களும் உண்டு. ஏற்கவே முடியாதபடி நிபந்தனை எழுதி, மறுத்துவிட்டான் பார் என்பார்கள். 1914-ல் ஆஸ்திரியா எழுதியது அப்படித்தான்.

விட்டுக்கொடுத்துப் போரைத் தவிர்த்த உதாரணமே கிடையாதா?

நிறைய உண்டு. நடக்காத போரைப் பற்றி யாரும் நினைவுச்சின்னம் எழுப்புவதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை. 1890-களிலிருந்து பிரிட்டன் அமெரிக்காவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொடுத்தது: வெனிசுவேலா எல்லைத் தகராறில் நடுவர் தீர்ப்புக்குச் சம்மதம், 1901-ல் பனாமா கால்வாயை அமெரிக்கா தனியாகவே கட்டிக்கொள்ள ஒப்புதல், 1903-ல் அலாஸ்கா எல்லை. அமெரிக்காவின் ஆசைக்கு அங்கே ஓர் எல்லை இருந்தது. பகை தீர்ந்து, பிறகு இரண்டு உலகப் போரிலும் துணையானது.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் வந்த 1962 நெருக்கடியும் அப்படித்தான். அதை அமெரிக்க அதிபர் கென்னடியின் உறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். கடல் முற்றுகை போட்டார், உண்மை. அதே நேரம் கியூபாவைத் தாக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். அக்டோபர் 27 இரவு அவருடைய தம்பி ராபர்ட், சோவியத் தூதர் டோப்ரினினைத் தனியாகச் சந்தித்து, துருக்கியில் உள்ள எங்கள் ஜூபிடர் ஏவுகணைகளையும் எடுத்துவிடுகிறோம், வெளியே சொல்லாதீர்கள் என்றார். மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் இறங்கிவந்தார். 1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் அகற்றப்பட்டன. இந்தப் பேரம் பல ஆண்டுகள் வெளியே வரவில்லை. அதுவரை, விட்டே கொடுக்காமல் ஜெயித்தார் என்ற கதைதான் ஓடியது. அந்தக் கதையை நம்பி எத்தனை தலைவர்கள் விறைப்பாக நின்றார்களோ!

இரு தரப்பும் நம்பும் மூன்றாமவர் வந்தாலும் உதவும். 1978 டிசம்பரில் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் சிலியும் போரின் விளிம்பில் நின்றன. போப் இரண்டாம் ஜான் பால், கார்டினல் சமோரேயை அனுப்பினார். 1984-ல் உடன்படிக்கை ஆனது.

எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தை நம்பலாமா?

யார் காப்பாற்றுவார், எதைக்கொண்டு காப்பாற்றுவார் என்று அதில் இருந்தால் நம்பலாம். 1994 டிசம்பர் 5-ல் புடாபெஸ்டில், தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்ட உக்ரைனுக்கு, உன் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. மீறினால் யார் படை அனுப்புவது என்று அதில் இல்லை. 2014-ல் கிரைமியா ரஷ்யாவின் கைக்குப் போனது. 2014-லும் 2015-லும் மின்ஸ்கில் இரண்டு போர்நிறுத்த ஒப்பந்தங்கள். முதலில் தேர்தலா, முதலில் எல்லைக் கட்டுப்பாடா என்று வரிசை பற்றிய சண்டையே தீரவில்லை. 2022 பிப்ரவரி 24-ல் முழுப் போர்.

மியூனிக்கை மறக்காதே என்று சொல்லித் தொடங்கிய போர்களும் உண்டாமே?

உண்டு, இதைப் பலர் பேசுவதில்லை. 1956-ல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியபோது, பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் அவரை இன்னொரு சர்வாதிகாரியாகவே பார்த்தார். 1938 பிப்ரவரியில் சேம்பர்லினோடு முரண்பட்டுப் பதவி விலகியவர் அவர். அந்த நினைவு அவரை விடவில்லை. பிரான்சோடும் இஸ்ரேலோடும் ரகசியமாகத் திட்டம் போட்டுப் படை அனுப்பி, அமெரிக்காவின் நெருக்கடியால் திரும்ப வேண்டியதாயிற்று. 1965 ஜூலையில் வியட்நாமுக்கு மேலும் படை அனுப்புவதை அறிவித்த அமெரிக்க அதிபர் ஜான்சனும் மியூனிக்கைத்தான் காரணம் காட்டினார். நாசருக்கு வேண்டியது கால்வாய். ஹனோயில் இருந்த வட வியட்நாம் அரசுக்கு வேண்டியது ஒன்றுபட்ட வியட்நாம். இருவரில் யாருக்கும் ஐரோப்பாவையோ உலகத்தையோ பிடிக்கும் கணக்கு இல்லை.

அப்படியானால் எதிரே இருப்பவர் எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கோடெஸ்பெர்க்கில் தெரிந்ததுபோலச் சில இடங்களில் தெரியும். கேட்டது கிடைத்ததும் கோரிக்கை வளர்கிறதா? சர்வதேச மேற்பார்வையில் நடக்கட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறாரா, நான் நேரில் படையோடுதான் வருவேன் என்கிறாரா? உள்நாட்டில் என்ன பேசுகிறார், தொழிற்சாலையில் என்ன செய்கிறார்? ஹிட்லரின் பேச்சுகளைவிட அவருடைய ஆயுத உற்பத்தி நேர்மையாக இருந்தது.

விட்டுக்கொடுப்பவர் தன்னிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இதை மறுத்தால் நான் அடுத்து என்ன செய்வேன்? அதற்குப் பதில் இல்லாதவர் மேசையில் பேசுவது பேரம் ஆகாது. கொடுக்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். கூட்டாளியோடு முன்பே பேசி வைத்திருக்கிறோமா, யாருடைய நிலத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் அறையில் இருக்கிறாரா என்பதையும் நான் சேர்ப்பேன். கடைசியில் சொன்னதைச் சேர்க்காத ஒப்பந்தங்கள் எனக்கு எப்போதுமே உறுத்துகின்றன.

சுடட்டன்லாந்து ஜெர்மானியர்களுக்கு அப்புறம் என்ன ஆனது?

போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா அவர்களில் ஏறத்தாழ எல்லோரையும், 30 லட்சம் பேர் வரை, நாட்டைவிட்டு வெளியேற்றியது. பலர் வழியிலும் முகாம்களிலும் இறந்தார்கள். நாஜிகளை எதிர்த்தவர்களும், எதற்கும் போகாமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும், குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஹென்லைன் 1945 மே மாதம் பிடிபட்ட நிலையில் தற்கொலை செய்துகொண்டார். மியூனிக் ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று பிரிட்டன் 1942 ஆகஸ்டில் அறிவித்தது. மேற்கு ஜெர்மனி அதைச் செல்லாது என்று ஏற்றுக் கையெழுத்திட்டது 1973 டிசம்பர் 11-ல், பிராக் நகரில். இந்த முறை செக் பிரதிநிதிகள் அறைக்குள் இருந்தார்கள்.